இரண்டு செக்ரோல், ஒரே கணக்கு: சர்வர்களுக்கு இடையே கோப்புகளைத் தானாக ஒத்திசைத்தல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் எங்கள் கடையின் பின்னறையில் ஒரு பழைய கணினி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் இருப்பவை சுற்றுவட்டாரத் தோட்டங்களின் படங்கள். பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கொடுக்க, வரிசையில் நிற்கும் பால்வெட்டுக்காரர்கள், லயத்து வாசலில் புது சைக்கிளோடு ஒரு பையன், மாரியம்மன் கோயில் தீமிதி, தோட்டத் துண்டாடல் காலத்தில் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சீட்டு. யாராவது ஒரு பாட்டி துணிப்பையிலிருந்து எடுத்துத் தருவார். ஸ்கேன் செய்துவிட்டு அரைமணி நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அந்தப் படங்களில் இருக்கும் பல லயங்கள் இன்று இல்லை. அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது, அல்லது வீடமைப்புத் திட்டம் நிற்கிறது.

இவ்வளவும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. மாலை மழையில் இடி இறங்கினால் மோடத்தோடு சேர்ந்து கணினியும் போய்விடும். அதனால் ஈப்போவில் தம்பி வீட்டில் இன்னொரு கணினி வைத்திருக்கிறோம். இங்கே பகலில் சேரும் ஒவ்வொரு படமும் விடிவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். யாரும் உட்கார்ந்து காப்பி எடுப்பதில்லை.

அது எப்படி என்று கடைக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். சிலர் தங்கள் கோயில் கணக்குக்கோ பழைய தமிழ்ப்பள்ளிப் பதிவேடுகளுக்கோ இதையே செய்ய நினைக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து இங்கே தரவில்லை. அவை கருவியோடு வரும் கையேட்டிலேயே இருக்கின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அது தெரியாமல் எங்கிருந்தோ எடுத்த கட்டளையை ஒட்டிவிட்டுப் படுத்தால், ஒரே இரவில் எல்லாவற்றையும் இழக்கலாம். நான் இழக்கப் பார்த்தேன். அந்தக் கதையையும் சொல்கிறேன்.

சர்வர் என்றதும் குளிர்சாதன அறையும் பெரிய அலமாரியும் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். மற்ற கணினிகள் கேட்கும்போது கோப்பு கொடுக்கும் வேலையில் எப்போதும் விழித்திருக்கும் எந்தக் கணினியும் சர்வர்தான். எங்களுடையவை இரண்டும் கடையில் கழித்துப்போட்ட பழைய மேசைக் கணினிகள். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டிருக்கிறோம்.

எது மூலம், எது நகல்

எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் ஒன்றைத் தீர்மானித்துவிடுங்கள். இரண்டு இடங்களில் ஒரே கோப்பு வேறு வேறாக இருந்தால் எதை நம்புவது? எங்களுக்குச் சுங்கை சிப்புட் சொல்வதுதான் சரி. ஈப்போ கணினி அதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் நகல். அங்கே யாரும் படம் சேர்ப்பதில்லை, பெயர் மாற்றுவதில்லை. இதை ஒருவழி ஒத்திசைவு என்கிறோம்.

இரண்டு பக்கமும் எழுதுவோம், இரண்டும் ஒன்றாக வேண்டும் என்றால் அது இருவழி ஒத்திசைவு. கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் ஒரே கோப்பை ஒரே நாளில் இரண்டு பக்கமும் திருத்திவிட்டால் எது வெல்லும்? சிங்க்திங் என்ற மென்பொருள் இப்படி நேரும்போது ஒன்றை வேறு பெயரில் ஒதுக்கி வைத்துவிடும். யூனிசன் என்பது உங்களையே கேட்கும். இரண்டும் நல்ல கருவிகள். ஆனாலும் முதல்முறை செய்பவர்கள் ஒருவழியிலேயே தொடங்குங்கள் என்பேன். எங்கே என்ன தவறு நடந்தது என்று பின்னால் கண்டுபிடிப்பது அதில்தான் எளிது.

ஒருவழி வேலைக்கு நாங்கள் பயன்படுத்துவது ஆர்சிங்க். ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் என்ற இருவர் ஆஸ்திரேலியாவில் எழுதி 1996 ஜூன் மாதம் வெளியிட்டார்கள். டிரிட்ஜெல் இதன் கணக்கைத் தம் முனைவர் பட்ட ஆய்வில் 1999-இல் விரிவாக எழுதினார். கட்டணம் கிடையாது. அநேகமாக எல்லா லினக்ஸ் வகையிலும் கிடைக்கும். இணையம் மெதுவாக இருந்த காலத்தில், மெதுவான இணைப்புக்காகவே யோசித்துச் செய்யப்பட்ட கருவி. பட்டணத்துக் கம்பியில் இருக்கும் எங்களுக்கு அதனாலேயே இது பிடிக்கும்.

பக்கத்தின் அடியில் இருக்கும் கூட்டுத்தொகை

ஆர்சிங்க் எழுந்ததும் முதலில் செய்வது மிக எளிய வேலை. இரண்டு பக்கமும் இருக்கும் கோப்புகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டே விஷயங்களைப் பார்க்கும்: அளவு எவ்வளவு, கடைசியாக எப்போது மாறியது. இரண்டும் ஒத்துப்போனால் அந்தக் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் அடுத்ததற்குப் போய்விடும். ஆயிரக்கணக்கான படங்களைச் சில நொடிகளில் தாண்டிவிடுவது இதனால்தான். அதனால், நகல் எடுக்கும்போது கோப்பின் நேரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகச் சொல்ல வேண்டும். ‘ஆர்க்கைவ்’ என்ற தேர்வு அதைச் செய்துவிடும். அதை விட்டுவிட்டால் நகலில் எல்லாக் கோப்பும் இன்றைய தேதியோடு நிற்கும். அடுத்த இரவும் எல்லாம் மாறிவிட்டதாக நினைத்து ஆர்சிங்க் ஒவ்வொன்றையும் மறுபடி சோதிக்கும்.

ஒத்துப்போகாத கோப்புக்கு என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். இதைத் தோட்டத்துச் செக்ரோலை, அதாவது வேலையாட்களின் பேர்ப் பதிவேட்டை, வைத்தே சொல்லலாம்.

தாத்தா வேலை செய்த தோட்டத்தில் செக்ரோல் இரண்டு இருக்குமாம். டிவிஷன் ஆபீசில் ஒன்று, பெரிய ஆபீசில் ஒன்று. பெரட்டில் கிராணி பேர் போடுவது டிவிஷன் புத்தகத்தில். பெரிய ஆபீசில் இருப்பதும் அதே மாதிரி இருக்க வேண்டும். தினமும் புத்தகத்தையே தூக்கிக்கொண்டு போய் முழுதாகப் பார்த்து எழுதலாம். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை இருக்கும் அல்லவா? பெரிய ஆபீஸ் தன் பழைய புத்தகத்தின் கூட்டுத்தொகைகளை மட்டும் போனில் வாசிக்கட்டும். டிவிஷன் கிராணி தன் புத்தகத்தோடு ஒப்பிட்டு, தொகை ஒத்துவராத பக்கத்தை மட்டும் படித்துச் சொல்லட்டும். நூறு பக்கப் புத்தகத்தில் இரண்டு பக்கம் மாறியிருந்தால் இரண்டு பக்கம்தான் போனில் போகும்.

ஆர்சிங்க் செய்வது இதைத்தான். நகல் சர்வர் தன்னிடம் இருக்கும் பழைய கோப்பைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் கூட்டுத்தொகையையும் மூலச் சர்வருக்கு அனுப்பும். மூலம் தன் புதிய கோப்பில் அந்தத் துண்டுகளைத் தேடும். இருந்தால் ‘உன் 40-ஆம் துண்டையே போட்டுக்கொள்’ என்று ஒரு வரி. இல்லாததை மட்டும் முழுதாக அனுப்பும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. புத்தகத்தில் யாரோ புதிதாக வேலைக்குச் சேர்ந்து, முதல் பக்கத்தின் தலையிலேயே ஒரு வரி நுழைந்துவிட்டது என்று வையுங்கள். எல்லா வரியும் ஒன்று கீழே நகரும். ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியும் அடுத்த பக்கத்துக்குப் போகும். ஒரு பக்கத்தின் தொகையும் ஒத்துவராது. மாறியது ஒரே வரி, ஆனால் முழுப் புத்தகத்தையும் வாசிக்க வேண்டியதாகிவிடும்.

டிரிட்ஜெல் கண்ட வழி, பக்கத்தை நகர்த்திக்கொண்டே போவது. பக்கத்துக்கு நான்கு வரி என்று வைப்போம். பழைய புத்தகத்தின் முதல் பக்கத்தில் 8, 6, 9, 7. தொகை 30. புதிய புத்தகத்தில் தலையில் ஒரு 4 நுழைந்து 4, 8, 6, 9, 7 என்று போகிறது. முதல் நான்கின் தொகை 27. ஒத்துவரவில்லை. சரி, ஒரு வரி கீழே இறங்குவோம். மறுபடி நான்கையும் கூட்டத் தேவையில்லை. மேலே விட்டுப்போன 4-ஐக் கழித்து, கீழே புதிதாக வந்த 7-ஐக் கூட்டினால் போதும்: 27-இல் 4 போக 23, அதோடு 7 சேர 30. பழைய முதல் பக்கம் அப்படியே இங்கே கிடைத்துவிட்டது. ‘முதலில் 4 என்று ஒரு வரி எழுது, பிறகு உன் முதல் பக்கத்தைப் போடு’ என்று சொன்னால் முடிந்தது.

ஒரு கழித்தல், ஒரு கூட்டல். அவ்வளவு மலிவான கணக்கு என்பதால் பெரிய கோப்பையும் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து தேட முடிகிறது. உருளும் கூட்டுத்தொகை என்று இதைச் சொல்லலாம்.

வெறும் கூட்டுத்தொகை ஏமாற்றும் என்பதும் உண்மை. 8, 6 என்றாலும் 14, 6, 8 என்றாலும் 14. அதனால் ஆர்சிங்க்கின் மலிவுக் கணக்கே இரண்டு பகுதியாக இருக்கிறது. ஒன்று நேரான கூட்டல், மற்றொன்று இடத்துக்கேற்ப எடை கொடுத்த கூட்டல். அதிலும் ஒத்துப்போனால், இன்னொரு வலுவான கணக்கைப் போட்டு உறுதி செய்துகொள்ளும். தொடக்கத்தில் இதற்கு எம்டி4 என்ற முறை இருந்தது. 2008-இல் வந்த 3.0 பதிப்பில் அது எம்டி5 ஆனது. மலிவுச் சல்லடை முதலில், நுணுக்கமான சல்லடை பிறகு. எல்லாத் துண்டுக்கும் நுணுக்கமானதையே பயன்படுத்தினால் கணினி திணறிவிடும்.

எங்கள் கணக்கில் இதன் பலனைப் பாருங்கள். எட்டுக்குப் பத்து அங்குலப் படம் ஒன்றை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 4,800-க்கு 6,000 புள்ளிகள், அதாவது 2 கோடியே 88 லட்சம். புள்ளிக்கு 3 பைட் வீதம் சுருக்காத டிஃப் கோப்பு சுமார் 86 எம்பி வரும். பிறகு ஒருநாள் அந்தப் படத்தில் இருப்பவரின் பேத்தி கடைக்கு வந்து, ‘இடமிருந்து மூணாவது எங்க பாட்டி’ என்று பெயர் சொல்வார். அந்தப் பெயரைக் கோப்பின் குறிப்பில் சேர்ப்போம். அன்று இரவு ஈப்போவுக்குப் போவது 86 எம்பி அல்ல. துண்டுகளின் கூட்டுத்தொகைகளும் மாறிய ஓரிரு துண்டும் சேர்ந்து அதில் நூறில் ஒரு பங்குகூட வராது. எல்லாக் கோப்பிலும் இந்த மிச்சம் கிடைக்காது. ஜேபெக் படத்தின் வெளிச்சத்தைத் திருத்திச் சேமித்தால், சுருக்கும் முறை காரணமாகக் கோப்பு உள்ளே முழுக்கவே மாறிவிடும். அது முழுதாகத்தான் போகும்.

முதல் நகலுக்கும் எந்த மிச்சமும் இல்லை, அங்கே ஒன்றுமே இல்லையே. ஆயிரம் படம் என்றால் 86 ஜிபி. ஏற்றும் வேகம் 50 எம்பிபிஎஸ் முழுதாகக் கிடைத்தாலே ஏறக்குறைய 4 மணி நேரம். எங்களிடம் அதைவிட நிறைய இருந்தது. நான் முதல் நகலை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, துணியில் சுற்றி, ஈப்போவுக்கு நானே கொண்டுபோனேன். அதற்குப் பிறகு மாறியவை மட்டும் கம்பியில் போகின்றன. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

சாவி

இரவு ஒன்றரை மணிக்கு ஈப்போ கணினி எங்கள் கணினியின் கதவைத் தட்டினால், கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ய அங்கே யார் இருப்பார்? அதனால் எஸ்எஸ்எச் சாவி தேவை. எஸ்எஸ்எச் என்பது இரண்டு கணினிகளுக்கு இடையே யாரும் ஒட்டுக்கேட்க முடியாத பாதை. பின்லாந்தில் தாத்து யுலோனன் என்பவர் 1995-இல் எழுதியது. ஆர்சிங்க் அந்தப் பாதை வழியாகவே போய் வரும்.

சாவி இரண்டு பாதியாக உருவாகும். ஒன்று பொதுச் சாவி, மற்றொன்று தனிச் சாவி. பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். பொதுச் சாவியைப் பூட்டு என்று நினையுங்கள். பூட்டை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், அவர்கள் தங்கள் கதவில் மாட்டிக்கொள்வார்கள். திறக்கும் சாவி உங்களிடம் மட்டும் இருக்கும். இரண்டையும் உருவாக்கியது ஈப்போ கணினி. தனிச் சாவி அங்கேயே தங்கிவிட்டது. பொதுச் சாவியை மட்டும் சுங்கை சிப்புட் கணினியில், அனுமதிக்கப்பட்ட சாவிகள் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்தோம்.

இதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. தனிச் சாவிக் கோப்பை வேறு யாரும் படிக்கும்படி விட்டிருந்தால் எஸ்எஸ்எச் அதை ஏற்காது. அனுமதி எண் 600 என்று இருக்க வேண்டும், அது இருக்கும் கோப்புறைக்கு 700. அடுத்தது, முதல்முறை இணையும்போது ‘இந்தக் கணினியை நம்பலாமா’ என்று ஒரு கேள்வி வரும். இரவில் பதில் சொல்ல ஆள் இல்லாமல் வேலை நின்றுவிடும். ஆகவே எந்தப் பயனர் பெயரில் தானியக்கம் ஓடப்போகிறதோ அதே பெயரில் ஒருமுறை கையால் இணைந்து ‘ஆம்’ சொல்லிவிடுங்கள். மூன்றாவது, வீட்டு இணைப்பின் முகவரி அவ்வப்போது மாறும். இரண்டு கணினிக்கும் இடையே வயர்கார்ட் போன்ற தனிப்பாதை ஒன்றைப் போட்டுக்கொண்டால் இரண்டுக்கும் மாறாத உள்முகவரி கிடைக்கும். எஸ்எஸ்எச்சின் 22-ஆம் கதவை (போர்ட்) ஊருக்கெல்லாம் திறந்துவைக்கும் தேவையும் போய்விடும்.

ஈப்போதான் வந்து எடுத்துக்கொள்கிறது என்று சொன்னேன். இது நாங்கள் வேண்டுமென்றே செய்தது. சுங்கை சிப்புட் கணினி அனுப்பும்படி அமைத்திருந்தால், சாவி இங்கே இருக்கும். கடைக்குள் திருடன் புகுந்தாலோ, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் கெட்ட மென்பொருள் ஏறினாலோ, இங்கிருந்தே ஈப்போவையும் தொட்டுவிடலாம். நகல் வந்து எடுத்துக்கொண்டால், மூலத்திடம் நகலின் சாவி இருக்கவே இருக்காது. ஈப்போவின் சாவிக்கும் இங்கே ஒரு கோப்புறையைப் படிக்க மட்டும் அனுமதி. ஆர்சிங்க்கோடு வரும் ‘ஆர்ஆர்சிங்க்’ என்ற சிறிய நிரலால் அப்படிக் கட்டிவைக்க முடியும்.

நேரம்

தினமும் எழுப்பிவிடும் வேலை கிரான் உடையது. 1979-இல் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பிலேயே இருந்த பழைய கருவி. ஒரு வரியில் ஐந்து இடம்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. ‘30 1 * * *’ என்று எழுதினால் ஒவ்வொரு நாளும் இரவு 1.30. விண்மீன் குறி ‘எதுவானாலும் சரி’ என்று பொருள்படும்.

எந்த ஊரின் 1.30 என்பதைக் கவனியுங்கள். மலேசியாவின் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முந்தியது. வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பெரும்பாலும் பொது நேரத்தில்தான் ஓடும். அதில் 1.30 என்று எழுதினால் நமக்குக் காலை 9.30, கடை திறந்து எல்லாரும் இணையத்தில் இருக்கும் நேரம். தீபகற்பத்தில் 1982 ஜனவரி 1 வரை கடிகாரம் அரைமணி நேரம் பின்னால்தான் இருந்தது என்று அப்பா சொல்வார், அது உண்மைதான். அன்று முதல்தான் சபா, சரவாக்கோடு ஒரே நேரம் ஆனது.

கிரான் உங்கள் வழக்கமான சூழலில் ஓடுவதில்லை. நீங்கள் தட்டச்சு செய்தால் வேலை செய்யும் கட்டளை, கிரானில் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று நின்றால் காரணம் அதுதான். எல்லாவற்றையும் முழுப் பாதையோடு எழுதுங்கள். கணினி அணைந்திருந்த நேரத்தில் வேலை தவறிவிட்டால், கிரான் பிறகு ஈடுகட்டாது. மின்சாரம் அடிக்கடி போகும் இடத்தில் லினக்ஸில் இருக்கும் சிஸ்டம்டி டைமர் என்ற நேரக் கருவி நல்லது. தவறியதைக் கணினி திரும்பி வந்ததும் ஓட்டச் சொல்லும் தேர்வு அதில் இருக்கிறது.

நேற்றைய வேலை முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கும்போது இன்றையது தொடங்கிவிடக் கூடாது. ‘எஃப்லாக்’ என்ற சிறு கருவி இதற்கு. உள்ளே போகிறவர் ஒரே ஒரு டோக்கனை எடுத்துக்கொண்டு போவார். டோக்கன் இல்லையென்றால் அடுத்தவர் திரும்பிவிட வேண்டும். கோப்பு மாறிய நொடியிலேயே அனுப்ப வேண்டும் என்பவர்களுக்கு லினக்ஸின் ஐநோட்டிஃபை வசதியைப் பயன்படுத்தும் எல்சிங்க்டி இருக்கிறது. படக் காப்பகத்துக்கு அந்த அவசரம் இல்லை என்பது என் எண்ணம்.

ஒரே இரவில் காலியானது

ஆர்சிங்க் இயல்பாக எதையும் அழிக்காது. மூலத்தில் நீங்கள் ஒரு படத்தை நீக்கினாலும் நகலில் அது இருக்கும். கோப்பின் பெயரை மாற்றினால் பழைய பெயரிலும் புதிய பெயரிலும் இரண்டாகக் கிடக்கும். சில மாதத்தில் நகல் குப்பையாகிவிடும். அதனால் ‘டெலீட்’ என்ற தேர்வைச் சேர்ப்பார்கள்: மூலத்தில் இல்லாததை நகலிலும் நீக்கிவிடு.

நானும் சேர்த்தேன். எங்கள் படங்கள் வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருந்தன. ஒரு மாலை மின்சாரம் போய் வந்தது. கணினி தானாக எழுந்தது, டிஸ்க் எழவில்லை. டிஸ்க் வந்து உட்கார வேண்டிய கோப்புறை மட்டும் வெறுமையாக இருந்தது. இரவு 1.30-க்கு ஆர்சிங்க் வந்து பார்த்தது. மூலத்தில் ஒன்றுமில்லை. சொன்ன வேலையைச் செய்தது. காலையில் தம்பி போன் செய்தான்: “அக்கா, இங்க ஒண்ணுமே இல்லையேக்கா.” எனக்குக் கை நடுங்கியது. மேசைக்குக் கீழே போய் டிஸ்க்கின் கம்பியைப் பிடுங்கிச் செருகினேன். விளக்கு எரிந்தது. படங்கள் இருந்தன. அந்த மின்வெட்டில் டிஸ்க்கும் போயிருந்தால், திரும்ப வாங்க முடியாத நூற்றுக்கணக்கான முகங்கள் போயிருக்கும். படம் கொடுத்த பாட்டிகளில் சிலர் அதற்குள் காலமாகியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு செய்த மாற்றங்களை அப்படியே சொல்கிறேன். டிஸ்க் உட்காரும் கோப்புறையையே மூலமாகக் காட்டாமல், டிஸ்க்குக்கு உள்ளே ‘படங்கள்’ என்று ஒரு கோப்புறை செய்து அதைக் காட்டினோம். டிஸ்க் இல்லையென்றால் அந்தக் கோப்புறையே இருக்காது. ஆர்சிங்க் பிழை சொல்லி நின்றுவிடும், எதையும் அழிக்காது. கூடவே ‘மேக்ஸ் டெலீட்’ என்ற எல்லை: ஒரு இரவில் 20 கோப்புக்கு மேல் நீக்காதே. மூன்றாவது, நீக்குவதையும் மாற்றுவதையும் உடனே அழிக்காமல் அன்றைய தேதி போட்ட வேறு கோப்புறைக்கு நகர்த்திவைக்கும் ‘பேக்கப் டிர்’ தேர்வு.

கட்டளையில் எதை மாற்றினாலும் முதலில் ‘டிரை ரன்’ போடுங்கள். என்னென்ன அனுப்புவேன், எதையெல்லாம் நீக்குவேன் என்று பட்டியல் மட்டும் காட்டும், ஒன்றையும் தொடாது. மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். சாய்கோடு இருந்தால் ‘கோப்புறைக்குள் இருப்பவை’ என்று பொருள். இல்லையென்றால் ‘அந்தக் கோப்புறையே’. ஒரு சின்னக் கோடு மாறினால் நகலில் கோப்புறைக்குள் கோப்புறை உருவாகும், டெலீட்டோடு சேர்ந்தால் அதைவிட மோசம்.

ஒத்திசைவும் காப்புநகலும்

ஒத்திசைவு நம் தவறுகளையும் விசுவாசமாகக் கொண்டுபோகும். நான் ஒரு படத்தைத் தவறாக வெட்டிச் சேமித்தால் விடியும்போது ஈப்போவிலும் வெட்டுப்பட்ட படம்தான். ‘பேக்கப் டிர்’ கொஞ்சம் காப்பாற்றும். அதைவிட முறையாக, வாரத்துக்கு ஒரு தேதியிட்ட முழுநகல் வைத்திருக்கிறோம். முழுநகல் என்றால் இடம் போதாதே என்பீர்கள். ‘லிங்க் டெஸ்ட்’ என்ற தேர்வு இதற்கு வழி செய்கிறது. மாறாத கோப்பை மறுபடி எழுதாமல், டிஸ்க்கில் ஏற்கனவே இருக்கும் அதே கோப்புக்கு இன்னொரு பெயர் மட்டும் கொடுக்கும். ஒரே ஆளை வீட்டில் ஒரு பெயரிலும் ஆபீசில் ஒரு பெயரிலும் கூப்பிடுவது போல. ஒவ்வொரு தேதியையும் திறந்தால் எல்லாப் படமும் இருக்கும், இடம் பிடிப்பது அந்த வாரம் மாறியவை மட்டும்.

இரண்டு கணினியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் இதெல்லாம் பாதிப் பாதுகாப்புத்தான். நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல ரப்பர் மரமே போதும். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கு முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. 9 கன்றுகளை நம் பக்கத்துக் கோலகங்சாரில் நட்டார்கள். அதில் ஒன்று இன்றும் நிற்கிறது. தாய்மண்ணான பிரேசிலில் போட்ட பெரிய ரப்பர்த் தோட்டங்களை இலைக்கருகல் நோய் அழித்தது. அந்த நோய் கடல் தாண்டி இங்கே வரவில்லை.

கோயில் கணக்கோ உறுப்பினர் பட்டியலோ தரவுத்தளத்தில் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை ஆர்சிங்க் கொண்டு நேராக எடுக்காதீர்கள். எடுத்துக்கொண்டிருக்கும்போதே அவை மாறும். முதல் பாதி ஒரு நேரத்தையும் இரண்டாம் பாதி இன்னொரு நேரத்தையும் காட்டும், மீட்டால் திறக்காமல் போகலாம். தரவுத்தளத்தின் சொந்தக் கருவியால் முதலில் ஒரு ஏற்றுமதிக் கோப்பை எடுத்து, அதை அனுப்புங்கள்.

வேலை நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஆர்சிங்க் எழுதும் பதிவேட்டை நாங்கள் சேமிக்கிறோம், ஆனால் தினமும் யாரும் படிப்பதில்லை என்பதே உண்மை. அதனால் இங்கே ஒவ்வொரு நள்ளிரவும் அன்றைய தேதியை மட்டும் எழுதிய ஒரு சிறு கோப்பு உருவாகிறது. அது படங்களோடு சேர்ந்து ஈப்போவுக்குப் போகும். காலை 7 மணிக்கு ஈப்போ கணினி அதைத் திறந்து பார்க்கும். இன்றைய தேதி இல்லையென்றால் தம்பிக்கும் எனக்கும் செய்தி வரும். செய்தி வராத காலைகளில் எல்லாம் சரி.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பசியாறிவிட்டு, தம்பி பத்துப் படங்களை ஈப்போ நகலிலிருந்து கண்ணில் பட்டபடி தேர்ந்து திறப்பான். ஒவ்வொன்றின் எண்ணையும் போனில் சொல்வான். நான் இங்கே அதே எண்ணைத் திறந்து, படத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று வாசிப்பேன். அவன் அங்கே இருக்கும் முகங்களோடும் பெயர்களோடும் சரிபார்ப்பான். பத்தும் ஒத்துவந்தால் அந்த மாதத்து வேலை முடிந்தது.